இருவீச்சு எஞ்சினின் உண்மைத் திறன்: டைனமோமீட்டர் கூறுவது என்ன?

போர்ட் கொச்சியின் கடற்கரையில், சீன வலைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் விடியற்காலையில் நிற்போருக்கு, துறைமுக முகத்துவாரத்தின் வழியே மீன்பிடி வள்ளங்கள் கடலுக்குச் செல்லும் காட்சி தெரியும். வள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் எஞ்சின் ஒலி காதுக்கு எட்டிவிடும். வள்ளத்தின் பின்புறத்தில் வெளியே தொங்கும் இந்த அவுட்போர்டு எஞ்சின்களிற் பல, பட்டறைகளில் 'டூ-ஸ்ட்ரோக்' என்று வழங்கப்படும் இருவீச்சு வகையைச் சேர்ந்தவை. மண்தடப் பந்தயங்களில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சினும் இதே வகையைச் சேர்ந்ததே.

இவ்விரண்டிற்கும் மற்றொரு பொதுத்தன்மையும் உண்டு. இவை ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே நெடுங்காலம் விட்டுவைக்கப்படுவதில்லை. துவாரங்களை அரத்தால் ராவிப் பெரிதாக்குவது, கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றுவது, சிலிண்டர் மூடியைச் சீவுவது, புகைக்குழாயை மாற்றுவது என்று பலவகை மாற்றங்கள் செய்யப்படுகின்றன. மாற்றம் செய்த பிறகு, "இப்போது எஞ்சின் நன்றாக இழுக்கிறது" என்று கூறப்படுகிறது. அக்கூற்று உண்மைதானா? உண்மையாயின் எந்த அளவிற்கு? எந்த வேகத்தில்? எவ்வளவு எரிபொருள் செலவில்? இவ்வினாக்களுக்குக் காதும் கையும் விடையளிக்க இயலா. விடையளிக்கக் கூடிய கருவி டைனமோமீட்டர் ஒன்றே. அக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது, அது தரும் வரைகோட்டை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கேரளக் கடற்கரையில் எஞ்சின் வந்த வரலாறு

இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவற்றிடையே 1952இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இந்திய-நார்வே திட்டம் 1953இல் தொடங்கியது. மீன்பிடி படகுகளில் எஞ்சினைப் பொருத்தும் முயற்சி அங்கு முறையாக மேற்கொள்ளப்பட்டது. 1957இல் கொச்சியில் மத்திய அரசின் மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. இன்று மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் என்று அறியப்படுவது அதுவே.

தொடக்க காலத்தில் படகினுள்ளே பொருத்தப்படும் டீசல் எஞ்சின்களே பெரிதும் கையாளப்பட்டன. துடுப்பும் பாயும் கொண்டு இயங்கிய நாட்டு வள்ளங்களில் அவுட்போர்டு எஞ்சின் விரைவாகப் பரவியது 1980க்குப் பிறகே ஆகும். அப்பத்தாண்டின் நடுவில் ரிங்சீன் என்னும் சுற்றுவலை வழக்கிற்கு வந்தது. வலை பெருகவே வள்ளம் பெருத்தது. வள்ளம் பெருக்கவே எஞ்சினின் திறனும் உயர வேண்டியதாயிற்று. 10 குதிரைச் சக்திக்கு உட்பட்ட எஞ்சின்களில் தொடங்கி, 25, 40 என்று எண்கள் ஏறின. ஒரே வள்ளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களைப் பொருத்துவதும் வழக்கமாயிற்று. பெரிய வள்ளங்கள் பல பின்னர் உள்ளமை டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன. சிறிய வள்ளங்கள் இன்றும் அவுட்போர்டு எஞ்சினையே நம்பியுள்ளன.

1988 முதல் கேரளக் கடலில் மழைக்காலத்தில் இழுவலைப் படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. அந்நாட்களிலும் நாட்டு வள்ளங்கள் கடலுக்குச் செல்கின்றன. முகத்துவாரத்தில் அலை மோதும்போது எஞ்சின் நின்றுவிடுமாயின், இழப்பு பணத்தோடு முடிவதில்லை; உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே எஞ்சினில் செய்யப்படும் மாற்றத்தை அளந்து அறிவது வெறும் ஆர்வத்திற்குரிய செயலன்று.

இருவீச்சு எஞ்சினின் இயல்பு

நான்குவீச்சு எஞ்சினில் தண்டு இருமுறை சுழலும்போது ஒருமுறையே எரிபொருள் வெடித்துத் திறனைத் தருகிறது. இருவீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சியிலும் இது நிகழ்கிறது. வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரிலுள்ள துவாரங்களைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே செல்லும்போது அதன் கீழுள்ள கிராங்க் உறையினுள் புதிய கலவை ஈர்க்கப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது முதலில் புகைத் துவாரம் திறந்து எரிந்த வாயு வெளியேறுகிறது. அடுத்து மாற்றுத் துவாரங்கள் திறக்க, கிராங்க் உறையில் அழுத்தப்பட்ட புதிய கலவை மேலே பாய்ந்து சிலிண்டரை நிரப்புகிறது.

இவ்வமைப்பின் எளிமை அதன் சிறப்பு. அதன் குறையும் அங்கேயே உள்ளது. புதிய கலவை உள்ளே வரும்போது புகைத் துவாரமும் திறந்தே இருக்கின்றது. ஆதலால் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே சென்றுவிடுகிறது. கார்புரேட்டர் கொண்ட இருவீச்சு எஞ்சின் மிகுதியாக எரிபொருள் குடிப்பதற்கும், அதன் புகையில் எண்ணெய் நாற்றம் வீசுவதற்கும் இதுவே முதன்மையான காரணமாகும்.

இக்குறையைப் போக்கும் வழியைப் பந்தய மோட்டார் சைக்கிள்கள் காட்டின. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் பணியாற்றிய வால்டர் காடன் என்னும் பொறியாளர், 1950களில் புகைக்குழாயின் வடிவத்தை ஆராய்ந்தார். புகைத் துவாரம் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயினுள் ஓடுகிறது. குழாய் படிப்படியாக விரிந்து, பின்னர் மீண்டும் குறுகுமாறு அமைக்கப்பட்டிருப்பின், விரியும் பகுதி சிலிண்டரிலிருந்து வாயுவை உறிஞ்சும். குறுகும் பகுதியிலிருந்து அலை திரும்பி வந்து, தப்பியோட முயலும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளும். இக்குழாயை விரிவறை என்று கூறலாம். இம்முறையால் 125 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எம்இசட் எஞ்சின் 1961இல், நிமிடத்துக்கு 10,800 சுற்றில் 25 குதிரைச் சக்தியைத் தந்தது.

எனினும் இங்கு ஒரு நிபந்தனை உண்டு. அலை திரும்பி வரும் நேரம், புகைத் துவாரம் மூடப்போகும் நேரத்தோடு பொருந்த வேண்டும். துவாரம் 190 பாகை அளவு திறந்திருப்பதாகவும், எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஓடுவதாகவும் கொள்வோம். துவாரம் திறந்திருக்கும் காலம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்காகும். சூடான வாயுவில் ஒலியலை விநாடிக்கு 520 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், அக்காலத்தில் அது 2 மீட்டர் தூரத்தைச் சற்றே கடக்கும். சென்று திரும்ப வேண்டியிருப்பதால், குறுகும் பகுதி சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் தொலைவில் அமைய வேண்டும். அதே குழாயுடன் எஞ்சின் 5000 சுற்றில் ஓடினால் அலை மிக முன்னதாகத் திரும்பிவந்து, வெளியேற வேண்டிய புகையையே உள்ளே தள்ளிவிடும். ஒரு வேகத்தில் உதவும் குழாய் மற்றொரு வேகத்தில் இடையூறாகிறது. இருவீச்சு எஞ்சினில் செய்யும் மாற்றங்களிற் பெரும்பாலானவை திறனைக் கூட்டுவதோடு நில்லாமல், அதனை ஒரு வேகத்திலிருந்து மற்றொரு வேகத்திற்கு இடம் மாற்றுகின்றன என்பதை வாசகர்கள் இங்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

அளக்கும் முறை

எஞ்சினின் திறனை நேரே அளக்கும் கருவி எதுவுமில்லை. டைனமோமீட்டர் அளப்பவை இரண்டே: சுழலும் தண்டு தரும் முறுக்குவிசை, அது சுழலும் வேகம். இவ்விரண்டின் பெருக்கத்திலிருந்து திறன் கணக்கிடப்படுகிறது.

பிரான்சு நாட்டுப் பொறியாளர் புரோனி 1821இல் அமைத்த கருவி மிக எளியது. சுழலும் உருளையை இரு மரக்கட்டைகள் இறுகப் பற்றிக்கொள்ளும். உருளை அக்கட்டைகளையும் தன்னோடு இழுத்துச் செல்ல முயலும். கட்டையோடு இணைந்த நீண்ட கையின் நுனியில் எடை வைத்து அதனைத் தடுத்து நிறுத்தினால், அந்த எடையையும் கையின் நீளத்தையும் பெருக்கி முறுக்குவிசையை அறியலாம். 1877இல் ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் புரூட், மரக்கட்டையின் உராய்வுக்குப் பதிலாக நீரின் எதிர்ப்பைப் பயன்படுத்தினார். இன்று நீர்வகை, மின்சுழல் வகை ஆகிய டைனமோமீட்டர்கள் பெருவழக்கிலுள்ளன. கருவி எதுவாயினும் தத்துவம் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். டைனமோமீட்டரின் கை 0.5 மீட்டர் நீளமுடையது. அதன் நுனியில் 100 நியூட்டன் விசை காட்டப்படுகிறது. முறுக்குவிசை 50 நியூட்டன்-மீட்டர். தண்டு நிமிடத்துக்கு 5000 சுற்று சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 83.3 சுற்று. ஒவ்வொரு சுற்றையும் 6.283 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 523.6 ரேடியன். இதனை 50 ஆல் பெருக்க 26,180 வாட் கிடைக்கும். இது 26.2 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 35 குதிரைச் சக்தி.

இத்திறன் முழுவதும் டைனமோமீட்டரில் வெப்பமாக மாறுகின்றது. நிமிடத்துக்கு 20 லிட்டர் நீர் அதனூடே செல்லுமாயின், நீரின் உஷ்ணநிலை சுமார் 19 பாகை உயரும். நீரோட்டம் நின்றால் கருவி கெடும். ஆகவே பரிசோதனை தொடங்குமுன் நீரைக் கவனிப்பது முதற்கடமை.

மோட்டார் சைக்கிளை எஞ்சினைக் கழற்றாமலே பரிசோதிக்க உருளைவகை டைனமோமீட்டர் உதவுகிறது. பின்சக்கரம் ஒரு கனமான உருளையைச் சுழற்றுகிறது. உருளை எவ்வளவு விரைவாக வேகம் பெறுகிறது என்பதிலிருந்து திறன் கணக்கிடப்படுகிறது. சங்கிலியிலும் பற்சக்கரங்களிலும் டயரிலும் ஏற்படும் இழப்புக்குப் பின் எஞ்சும் திறனையே இது காட்டும். ஆகவே, ஒரு கருவியில் பெற்ற எண்ணை வேறொரு கருவியில் பெற்ற எண்ணோடு ஒப்பிடுதல் தவறு. ஒரே கருவியில், மாற்றத்திற்கு முன்னும் பின்னும் பெற்ற எண்களை ஒப்பிடுவதே முறையாகும்.

உச்ச எண்ணும் வரைகோடும்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். எஞ்சினைப் பற்றிப் பேசும்போது நாம் ஓர் எண்ணையே கூறுகிறோம்: "40 குதிரைச் சக்தி" என்கிறோம். யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளின் எஞ்சினை 11 குதிரைச் சக்தி என்று குறிப்பிடுகிறோம். இந்தியாவில் 1985 முதல் 1996 வரை செய்யப்பட்ட இவ்வண்டியின் 98 கன சென்டிமீட்டர் எஞ்சின் அத்திறனை நிமிடத்துக்கு 7500 சுற்றில் தந்தது. மற்ற வேகங்களில் அது தருவது வேறு. எல்லா வேகங்களிலும் பெற்ற அளவுகளைக் கட்டத்தாளில் குறித்து வரையும் கோடே எஞ்சினின் உண்மையான வரலாறு. உச்ச எண் அக்கோட்டின் ஒரு புள்ளி மட்டுமே.

மண்தட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். வளைவில் வேகம் குறைந்து, மண்ணில் சக்கரம் வழுக்க, மீண்டும் விரைய வேண்டிய வேளையில் ஓட்டுநருக்கு வேண்டியது நடுவேகத்தில் கிடைக்கும் முறுக்குவிசை. உச்சத்தில் 2 குதிரைச் சக்தி கூடியும், நடுவேகத்தில் 2 குறைந்தும் போகுமாயின் அவர் பின்தங்கிவிடக் கூடும். எனினும் அவரிடம் கியர்கள் உள்ளன. கியரை மாற்றி, எஞ்சினைத் தனக்கு உகந்த வேகத்திலேயே அவர் ஓரளவு வைத்துக்கொள்ள முடியும்.

வள்ளத்தின் நிலை வேறு. அவுட்போர்டு எஞ்சினில் முன்னோக்கிச் செல்ல ஒரே கியர் விகிதம்தான் உண்டு. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடலாம் என்பதை ப்ரொபெல்லரே தீர்மானிக்கிறது. ப்ரொபெல்லருக்குத் தேவையான திறன், அதன் சுழல்வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப ஏறக்குறைய உயர்கிறது. அதாவது வேகம் இரு மடங்கானால் தேவையான திறன் எட்டு மடங்காகும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் எஞ்சின் 5000 சுற்றில் 25 கிலோவாட் தருகிறது. அதன் ப்ரொபெல்லரும் அதே வேகத்தில் அதே திறனை ஏற்கிறது என்று கொள்வோம். இப்போது துவாரங்களை உயர்த்தி மாற்றம் செய்யப்படுகிறது. டைனமோமீட்டரில் உச்சத்திறன் 28 கிலோவாட்டாக உயர்கிறது. ஆனால் அது கிடைப்பது 6000 சுற்றில். 5000 சுற்றில் திறன் 23 கிலோவாட்டாகக் குறைந்துவிடுகிறது. தாளில் எழுதினால் 3 கிலோவாட் ஆதாயம். கடலில் நிகழ்வது என்ன? அதே ப்ரொபெல்லரை 6000 சுற்றில் சுழற்ற 43 கிலோவாட் வேண்டும். எஞ்சினிடம் உள்ளது 28. ஆகவே அவ்வேகத்தை அது ஒருநாளும் எட்டாது. 5000 சுற்றுக்கு வேண்டிய 25 கிலோவாட்டும் இப்போது அதனிடம் இல்லை. எஞ்சின் 4900க்கும் கீழே தங்கி, முன்னிருந்ததைவிடக் குறைந்த திறனையே தரும். உச்ச எண் உயர்ந்தது, வள்ளம் மெதுவாயிற்று. ஒலி மட்டும் கூடியிருக்கும். அதைக் கேட்டவர் திறன் கூடியதாகவே கருதுவார்.

குறைந்த சாய்வுடைய வேறொரு ப்ரொபெல்லரைப் பொருத்தினால் இம்மாற்றத்தின் பயனை ஓரளவு பெறலாம். ஆனால் எஞ்சின் அதிக வேகத்தில் ஓடி விரைவில் தேயும். எனவே ப்ரொபெல்லரையும் சேர்த்து எண்ணாத எந்த எஞ்சின் மாற்றமும் பாதி வேலையே ஆகும்.

அதே விதி மீனவருக்கு ஒரு நன்மையையும் காட்டுகிறது. 5000 சுற்றில் ஓடும் எஞ்சினை 4000 சுற்றுக்குக் குறைத்தால், தேவையான திறன் 25 கிலோவாட்டிலிருந்து 12.8ஆக, அதாவது பாதியாகக் குறையும். வள்ளத்தின் வேகம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகக் கொண்டால், அதே தூரத்தைக் கடக்க நேரம் கால் பங்கு கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எரிபொருள் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். அரமும் ஜெட்டும் இன்றி, கைப்பிடியைச் சற்றுத் தளர்த்துவதால் மட்டும் கிடைக்கும் ஆதாயம் இது.

எரிபொருளையும் அளக்க வேண்டும்

திறனை மட்டும் அளந்து எரிபொருளை அளக்காத பரிசோதனை, வரவை எழுதிச் செலவை எழுதாத கணக்குப் புத்தகத்தைப் போன்றது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. அளவுக்கோடு இட்ட ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு நிறுத்தக் கடிகாரமும் போதும்.

மேற்கூறிய 26.2 கிலோவாட் எஞ்சின் 100 மில்லிலிட்டர் மண்ணெண்ணெயை 20 விநாடியில் செலவிடுவதாகக் கொள்வோம். மணிக்கு 18 லிட்டர். லிட்டருக்கு 0.8 கிலோ எடை என்று கொண்டால் 14.4 கிலோ. ஒரு கிலோவாட்-மணிக்கு 550 கிராம் ஆகிறது. மாற்றத்திற்குப் பின் திறன் 5 சதவீதம் கூடி 27.5 கிலோவாட் ஆயிற்று. ஆனால் அதே 100 மில்லிலிட்டர் 18 விநாடியிலேயே தீர்ந்துவிட்டது. மணிக்கு 20 லிட்டர். திறன் 5 சதவீதம் கூட, எரிபொருள் 11 சதவீதம் கூடிவிட்டது. நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 8 லிட்டர் கூடுதல் செலவு. பொதுவிநியோக மண்ணெண்ணெய் ஒதுக்கீடு நாடெங்கும் பெரிதும் குறைந்துவிட்ட இக்காலத்தில், மீன் கிடைக்காத நாளில் இந்த 8 லிட்டரின் விலை கடனாகவே நிற்கும்.

மண்ணெண்ணெய்க்கு மாற்றிய எஞ்சின்

வள்ளத்தின் எஞ்சினில் எரிபொருளே ஒரு பெரிய மாற்றமாகும். பெட்ரோலைக் காட்டிலும் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே எஞ்சினைப் பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றினால்தான் அடுத்தமுறை எளிதாகத் தொடங்க முடியும். மேலும், மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது, தானே வெடித்துத் 'தட்டல்' உண்டாக்கும். இதனைத் தவிர்க்கவே மண்ணெண்ணெய் எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டுள்ளது. அதன் விலையாகத் திறனும் ஓரளவு குறைகிறது.

இதனை அறியாமல், "அழுத்தத்தைக் கூட்டினால் திறன் கூடும்" என்னும் பந்தயப் பட்டறையின் பாடத்தை இங்கே கையாண்டு சிலிண்டர் மூடியைச் சீவிவிட்டால், சிறிது நேரம் எஞ்சின் நன்கு இழுப்பது போலத் தோன்றும். முழுச்சுமையில் நீண்ட நேரம் ஓடும்போது தட்டலால் பிஸ்டனின் தலை பொத்துப்போகலாம். கலவையில் எரிபொருள் குறைவானால் எண்ணெயும் குறையும். ஏனெனில் இவ்வெஞ்சின்களிற் பலவற்றில் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகின்றது. பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளுக்கு முழுத்திறன் சில விநாடிகளே வேண்டும். வள்ளத்திற்கோ மணிக்கணக்கில் வேண்டும். எனவே பந்தய எஞ்சினுக்குப் போதுமான ஒரு நிமிடப் பரிசோதனை வள்ளத்தின் எஞ்சினுக்குப் போதாது. முழுச்சுமையில் நெடுநேரம் ஓட்டி, பிளக்கின் அடியிலுள்ள உஷ்ணநிலையையும் குளிர்நீரின் உஷ்ணநிலையையும் குறிக்க வேண்டும்.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

1. மாற்றம் செய்வதற்கு முன் ஒரு முழுப் பரிசோதனை நடத்தி வரைகோடு எழுத வேண்டும். முன்னிலை அளவு இல்லாதபோது பின்னிலை அளவுக்குப் பொருளில்லை.

2. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். ஜெட்டையும் துவாரத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று அறிய முடியாது.

3. எஞ்சினின் உஷ்ணநிலை, எரிபொருள், எண்ணெய் விகிதம், ஸ்பார்க் பிளக் ஆகியவை இரு பரிசோதனைகளிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

4. காற்றின் நிலையைக் குறிக்க வேண்டும். காலையில் 24 பாகையாக இருந்த உஷ்ணநிலை பிற்பகலில் 33 பாகையாக உயர்ந்தால், காற்றின் அடர்த்தி 3 சதவீதம் குறையும். கொச்சியைப் போன்ற கடலோரத்தில் ஈரப்பதமும் முக்கியமானது. 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதம் இருப்பின், நாம் உட்கொள்ளும் காற்றில் 3 சதவீதத்திற்குச் சற்று மேல் நீராவியே; அது எரிவதற்கு உதவாது. இதற்காகவே அளவுகளை 25 பாகை உஷ்ணநிலை, 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தம் என்னும் பொதுநிலைக்குத் திருத்திக் கூறும் முறை சர்வதேச அளவில் ஏற்பட்டுள்ளது. இத்திருத்தம் செய்யாமல் கூறப்படும் "3 சதவீத ஆதாயம்" காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாடாகவே இருக்கலாம்.

5. ஒவ்வொரு வேகத்திலும் மும்முறை அளந்து, மூன்று எண்களையும் எழுத வேண்டும். அவை தமக்குள் வேறுபடும் அளவைக் காட்டிலும் சிறியதான ஆதாயத்தை ஆதாயமென்று கொள்ளலாகாது.

6. மூடிய அறையில் எஞ்சினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. சுழலும் பாகங்களுக்குக் கம்பி உறை இட்டிருக்க வேண்டும். வேட்டி, துப்பட்டா போன்ற தளர்ந்த ஆடையுடன் எவரும் அருகில் நிற்கலாகாது.

மோட்டார் சைக்கிள்களைப் பற்றி மாணவர்கள் வினவும்போது ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் நலம். பதிவுசெய்த வாகனத்தில் உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறான மாற்றங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதிசெய்தது. பந்தயத்திற்காக மாற்றிய எஞ்சினின் இடம் மூடிய பந்தயத் தடமே, பொதுச்சாலை அன்று.

வகுப்பறையில் ஒரு டைனமோமீட்டர்

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை எஞ்சின் இன்றியே விளக்கலாம். ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் டயரையும் டியூபையும் நீக்குக. விளிம்பின் மேல் ஒரு பருத்திக் கயிற்றைப் போட்டு, அதன் இரு முனைகளையும் இரு வில்தராசுகளில் கட்டி, தராசுகளைக் கீழே ஒரு பலகையில் பொருத்துக. ஒரு மாணவர் பெடலைக் கையால் சுற்றட்டும். சக்கரம் சுழலும்போது ஒரு தராசு அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் காட்டும். அவற்றின் வேறுபாடே உராய்வு விசை.

வேறுபாடு 15 நியூட்டன், விளிம்பின் ஆரம் 0.3 மீட்டர் எனில் முறுக்குவிசை 4.5 நியூட்டன்-மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 120 சுற்று சுழலுமாயின் திறன் ஏறக்குறைய 57 வாட் ஆகும். அடுத்துக் கயிற்றை இறுக்கி, மெதுவாகச் சுற்றச் செய்க. பிறகு தளர்த்தி, விரைவாகச் சுற்றச் செய்க. ஒவ்வொரு முறையும் பெற்ற திறனைக் கட்டத்தாளில் குறித்தால், மாணவரின் கைக்கும் ஒரு வரைகோடு உண்டென்பதும், அதிலும் ஓர் உச்சம் உண்டென்பதும் புலனாகும். கயிறு சூடேறுவதைத் தொட்டுப் பார்க்கச் செய்தால், உழைப்பு எங்கே சென்றது என்ற வினாவுக்கும் விடை கிடைக்கும். நீண்ட நேரம் சுற்றினால் கயிறு கருகக் கூடுமாதலால், ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் போதும்.

முடிவுரை

நான்குவீச்சு அவுட்போர்டு எஞ்சின்களும் சமையல் எரிவாயுவால் இயங்கும் எஞ்சின்களும் இன்று முயன்று பார்க்கப்படுகின்றன. புதிய எஞ்சின் ஒவ்வொன்றும் ஒரு புதிய எண்ணோடு வந்து நிற்கும். அந்த எண்ணை வாங்குபவர் தம் வள்ளத்தின் ப்ரொபெல்லர் எந்த வேகத்தில் சுழல்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வேகத்தில் எஞ்சின் தரும் திறன் என்ன, அதற்குச் செலவாகும் எரிபொருள் என்ன என்று இரண்டாவதாகக் கேட்க வேண்டும். உச்சத்திறன் எவ்வளவு என்ற வினா மூன்றாவதாக வரட்டும்.

கடலுக்குச் செல்லும் ஒருவருக்கு இவ்வினாக்களைக் கேட்கக் கற்பித்துவிட்டால் களப் பணியாளரின் கடமையில் பெரும்பகுதி நிறைவேறியதாகும். ஒரு கண்ணாடிக் குழாயும், ஒரு கடிகாரமும், முன்னும் பின்னும் எழுதிய இரண்டு கோடுகளும் அவருக்குச் செய்யக்கூடிய உதவியை, எஞ்சினின் பேரொலி ஒருபோதும் செய்யாது.